உணவும் குருதிக் கொழுப்பும்

நீரிழிவு என்றவுடன் சர்க்கரை ஒன்றே பலர் நினைவிற்கு வரும். ஆயினும், அந்நோய் குருதியிலுள்ள கொழுப்பின் போக்கையும் மாற்றிவிடுகின்றது. உணவு உண்டபின் வரும் சில மணி நேரத்தில் அம்மாற்றம் நன்கு புலனாகும்.

எண்ணெய், நெய் முதலியன சிறுகுடலில் செரிக்கின்றன. குடற்சுவர் அவற்றை உறிஞ்சி, கைலோமைக்ரான் எனப்படும் நுண்ணிய துளிகளாக்குகின்றது. அத்துளிகள் நிணநீர்க் குழாய்களின் வழியே சென்று குருதியிற் கலக்கின்றன. கொழுப்பு மிக்க உணவை உண்டு மூன்று, நான்கு மணி நேரம் கழிந்தபின் எடுத்த குருதியின் நீர்ப்பகுதி பால்போல் வெண்மையாகத் தோன்றுவதுண்டு.

இக்கொழுப்பை நீக்குவது யாது? குருதி நுண்குழாய்களின் உட்சுவரில் லைப்போபுரோட்டீன் லைபேஸ் என்னும் நொதி உள்ளது. அது துளிகளைச் சிதைத்து, தசைகளும் கொழுப்புத் திசுக்களும் ஏற்கும்படி செய்கின்றது. கொழுப்புத் திசுவில் அந்நொதியை ஊக்குவது இன்சுலின் ஆகும். நீரிழிவுடையாரிடம் இன்சுலின் குறைந்தோ, அதன் ஆற்றல் குன்றியோ இருத்தலால் இவ்வேலை தளர்கின்றது. கல்லீரலும் மிகுதியான கொழுப்பைக் குருதியில் விடுகின்றது. ஆகவே, முன் உண்ட உணவின் கொழுப்பு நீங்குமுன்னரே அடுத்த வேளைக் கொழுப்பும் வந்து சேர்கின்றது.

கொழுப்பும் சர்க்கரையும் ஒருங்கே மிகும்பொழுது, அருகிலுள்ளவற்றைத் தாக்கிக் கெடுக்கும் ஆக்சிஜன் வகைப் பொருள்கள் உடலில் பெருகுகின்றன. வைட்டமின் சி, வைட்டமின் இ, குளூட்டாதயோன் ஆகியவை அவற்றை அடக்கும் காவற்பொருள்கள். தாக்குதல் மிகுந்து காவல் குறையின், குருதிக் குழாய்கள் விரியும் திறனை இழக்கின்றன. கெட்ட கொழுப்பு அவற்றின் சுவரிற் படிகின்றது. உணவுக்குப்பின் குருதியில் உலவும் கொழுப்புத் துகள்களே இந்நோய்க்கு வித்தாகலாம் என்று 1979-ஆம் ஆண்டில் சில்வர்ஸ்மிட் என்னும் அறிஞர் எடுத்துரைத்தார். வெறும் வயிற்றில் எடுத்த குருதியை மட்டும் ஆராய்ந்தால் இந்நிலை முழுதும் விளங்காது.

காவற்பொருளை மாத்திரையாக உண்டால் போதாதோ எனச் சிலர் வினவலாம். நீரிழிவுடையார் பலர் பங்குகொண்ட பேராய்வு ஒன்றின் முடிவு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. வைட்டமின் இ மாத்திரை மாரடைப்பைக் குறைக்கவில்லை என்பதே அம்முடிவாகும்.

காவலைப் பெருக்குவதினும் தாக்குதலைக் குறைப்பதே அறிவுடைமை. பொரித்த பண்டங்களைக் குறைத்தல், கீரையும் காயும் பருப்பும் மிகுதியாகச் சேர்த்தல், நாள்தோறும் நடத்தல் ஆகியவை அதற்குரிய வழிகள். உழைக்கும் தசைகளில் அந்நொதியின் செயல் மிகுவதால், நடைப்பயிற்சி குருதியைத் தெளிவிக்கின்றது. மருத்துவர் தரும் மருந்துடன் இவ்வொழுக்கமும் சேருமாயின், நீரிழிவுடையார் நெடுங்காலம் நலமுடன் வாழ்தல் கூடும்.