அறுபதுக்கு முன்னரே வயதைத் தேடுவோம்

அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் பெறுவதற்கு எமது நாட்டில் எவரும் காப்புறுதிப் பணம் கட்ட வேண்டியதில்லை. ஆனால் மாதாந்தக் கிளினிக்குக்குப் போய்வரும் பஸ் காசும், அங்கே மருந்து இல்லாதபோது வெளியே வாங்கும் செலவும் எம்முடையவை. வயலில் இறங்கக்கூடிய காலம்வரை இதை ஒருவாறு சமாளித்துக்கொள்கிறோம். மண்வெட்டி பிடிக்க இயலாத வயதில், அதுவும் சொந்தக் காணியை விட்டு வந்து வேறிடத்தில் இருப்பவருக்கு, இது பெருஞ்சுமையாகிவிடுகிறது.

1996ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கை சமூகப் பாதுகாப்புச் சபை, அரசாங்க ஓய்வூதியம் இல்லாத சுயதொழிலாளருக்கு ஓய்வூதியத் திட்டம் நடத்துகிறது. கமக்காரரும் இதில் சேரலாம். சேரும் வயது 18 முதல் 59 வரை. ஓய்வூதியம் 60இல் தொடங்கும். இளவயதில் சேர்ந்தவருக்குத் தவணைப் பணம் குறைவு, பிந்தியவருக்குக் கூட. 60 பிறந்துவிட்டால் சேரவே முடியாது. “வயசு போகட்டும், பிறகு பாப்பம்” என்பது எம்மிடையே வழக்கமான பேச்சு. இவ்விடயத்தில் அது சரிவராது.

எமக்குத் தெரிந்த ஒரு கமக்காரர் 2022ஆம் ஆண்டு இதற்கென அலுவலகம் ஒன்றுக்குப் போனார். அடையாள அட்டையின்படி அவர் பிறந்தது 1960இல். ஆகவே வயது கடந்துவிட்டது என்றார்கள். “ஐயா, 64இல புயல் அடிக்கேக்க நான் இடுப்பில இருந்த பிள்ளையெண்டு அம்மா சொல்லுறவ” என்று இவர் சொல்லிப் பார்த்தார். அம்மாவின் சொல்லை எந்த அலுவலகம் ஏற்கும்? பிறப்புச் சான்றிதழோ இடப்பெயர்வின்போது பெட்டியோடு போய்விட்டது. தமது ஊருக்குரிய பதிவில் மாதக்கணக்காகத் தேடுவித்தார், கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு மாமிதான், “கொம்மா தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டையெல்லோ போனவ” என்று ஞாபகப்படுத்தினார். வேறு மாவட்டத்தில் பதிவு இருந்தது: 1963 செப்டெம்பர். பிரதி கையில் கிடைத்தபோது 2023 நவம்பர். உண்மை வயதின்படியும் அறுபது கடந்து இரண்டு மாதம்.

இப்படி நட்டப்பட்டவர் அவர் ஒருவர் மாத்திரமல்லர். ஆகையால் முதலில் உங்கள் அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கமும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டியிருக்கும். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாகவே கணக்கிடுவார்கள். 63245 என்று தொடங்கினால் 1963 செப்டெம்பர் 1இல் பிறந்த ஆண். அதே நாளில் பிறந்த பெண்ணுக்கு 63745. 2016 முதல் வரும் 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் ஆண்டைக் குறிக்கும். இது வீட்டார் சொல்லும் வயதோடு ஒத்துவராவிட்டால் இப்போதே தேடத் தொடங்குங்கள்.

தேடும்போது வளர்ந்த ஊரை அல்ல, பிறந்த இடத்தைக் கேட்டறிய வேண்டும். தாய்வழி ஊரா, ஆஸ்பத்திரியா, எந்த ஆஸ்பத்திரி? இதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். பதிவுப் புத்தகம் யுத்தத்தில் அழிந்தது என்று ஓரிடத்தில் சொன்னாலும் அத்தோடு விட்டுவிட வேண்டாம். அதன் மறுபிரதி வேறோர் அலுவலகத்தில் தப்பியிருக்கக்கூடும். எங்குமே இல்லையென்றால், தேடியும் கிடைக்கவில்லை என்பதை எழுத்தில் பெற்று, உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பாடசாலைச் சேர்வுப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, சாதகக் குறிப்பு ஆகியவை அதற்குத் துணையாகும். பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பிரிவில் விசாரியுங்கள். இவ்வேலை ஒரு கிழமையில் முடியாது. 55 வயதில் தொடங்கினால் நெஞ்சிடி இல்லை.

அறுபதைக் கடந்தவர்களும் சோர வேண்டாம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி 60 வயதானவர் முதியோர் ஆவார். பிரதேச செயலகத்தின் ஊடாக முதியோர் அடையாள அட்டை பெறலாம். ஆஸ்பத்திரி வரிசையில் முன்னுரிமை கேட்க அது உதவும். குறைந்த வருமானமுடையோருக்கு 70 வயதின் பின் முதியோர் கொடுப்பனவும் உண்டு. இவை இரண்டுக்கும் கேட்பது அதே வயதுச் சான்றுதான்.

இன்னொன்று. 1987ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி தொடங்கிய கமக்காரர் ஓய்வூதியத் திட்டத்தில் முன்னர் பணம் கட்டியவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். இடப்பெயர்வோடு கட்டுவது நின்றது, புத்தகம் மட்டும் தறப்பாள் பைக்குள் கிடக்கிறது. அதை எறிந்துவிடாதீர்கள். கமநல சேவை நிலையத்துக்குக் கொண்டுபோய், உங்கள் பெயர் இன்னும் பதிவில் உள்ளதா என்று கேளுங்கள். போகும்போது ஒரு போட்டோப் பிரதி எடுத்து வீட்டிலும் வையுங்கள்.