கனி துளைக்கும் அந்துப்பூச்சி

அந்துப்பூச்சிகளில் பயிருக்குத் தீங்கு செய்வது சாமானியமாக அவற்றின் புழுப் பருவமே. சிறகு முளைத்தபின் அவை பூந்தேனைப் பருகியோ, ஒன்றும் உண்ணாமலோ தம் அற்ப ஆயுளைக் கழித்துவிடும். இப்பொது விதிக்கு விலக்காக நிற்பது, எலுமிச்சை, மாதுளை, கொய்யா முதலிய கனிகளின் சாற்றை உறிஞ்சும் அந்துப்பூச்சி. இதன் புழு அம்மரங்களை நாடுவதில்லை. வளர்ந்த பூச்சியே இரவில் தோட்டத்துள் புகுந்து, கூரிய நுனியில் கொக்கி போன்ற முட்கள் வாய்ந்த தன் உறிஞ்சுகுழலால் பழத்தோலைத் துளைக்கிறது.

துளை குண்டூசி முனையளவே இருப்பினும், அதன் வழியே பூஞ்சணமும் பாக்டீரியாவும் நுழைவதால் சுற்றிலும் தோல் நிறம் மாறி, அழுகல் பரவிக் கனி உதிர்ந்துவிடும். உதிர்ந்த பழத்தை அழுத்துகையில் துளையினின்றும் சாறு பீறிட்டு, பிளந்து பார்க்கையில் உள்ளே புழுவும் காணப்படாவிடில், பழ ஈயின்மேலோ காய்த்துளைப்பான்மேலோ பழிசுமத்த இடமில்லை.

குற்றவாளியை நேரில் காண விரும்புவோர் இருட்டியபின் டார்ச் விளக்குடன் மரம் மரமாகச் செல்லவேண்டும். விளக்கொளி பட்டதும் அதன் கண்கள் செம்மஞ்சளாய் ஒளிரும். சிறகு மடித்து அமர்ந்திருக்கையில் அது வெறும் சருகாகவே தோன்றுமாதலால், பிடித்துப் பின்சிறகை விரித்தாலன்றி இனம் புலப்படாது. மஞ்சள் நிறப் பின்சிறகின் நடுவே வட்டமான கரும்புள்ளி இருப்பின், அது 1767-இல் லின்னேயஸ் பெயரிட்ட மெட்டர்னா. புள்ளிக்குப் பதிலாக வளைந்த கரும்பட்டை இருப்பின், 1763-இல் அவரே பெயரிட்ட பலோனியா. இரண்டும் யூடோசிமா என்னும் பேரினத்தைச் சேர்ந்தவை.

தோட்டத்தை மட்டும் சோதிப்பதோடு ஆய்வு பூர்த்தியாவதில்லை. பூச்சி முட்டையிடுவது வேலியோரத்துச் சீந்திலிலும் கட்டுக்கொடியிலுமே; பசிபிக் தீவுகளிலோ பலோனியாவின் புழு கல்யாண முருங்கை இனத்து மரங்களையும் உண்கிறது. ஆகவே காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களின் கிளுவை வேலிகளில் இக்கொடிகள் படர்ந்திருப்பின், பகலில் அவற்றின் இலைகளைப் புரட்டி, பக்கங்களில் பெரிய கண்போன்ற வட்டங்கள் கொண்ட புழுவைத் தேடுதல் அவசியம். இதை அறியாதவர் மரத்துக்கு எவ்வளவு மருந்து தெளித்தாலும் வேலியில் வளரும் சந்ததியை அது தீண்டாது. தம் வேலியை மட்டும் துப்புரவாக்குவதும் போதாது. சிறகுள்ள பிராணி அயலார் வேலியிலிருந்தும் வருமாதலால், உதிர்ந்த கனிகளைப் பொறுக்கி அழிப்பதும், காய்களுக்குப் பை கட்டுவதும் தோட்டத்துக்காரர் தாமே செய்யத்தக்கவை. கொடிகளைக் களைவதோ ஊரார் கூடிச் செய்யவேண்டிய காரியம்.