கோடை மழையும் ஒரு குதிரையின் வயிறும்

"புல்லு நல்லாத்தானே டாக்டர் இருந்துச்சு!" என்றார். ஊட்டியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரை ஒன்று வைத்திருப்பவர். எட்டு வயதுப் பெண்குதிரை. மூன்று வருடமாக வருடம் ஒருமுறை வயிற்றுவலி. ஒவ்வொரு முறையும் கோடை மழை விழுந்து பத்துப் பதினைந்து நாளுக்குள். நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவன் என்பதால் டீக்கடை பெஞ்சிலும் எனக்கு இந்தக் கேள்விகள் வரும்.

புல் நல்ல புல்தான். வயிறு அதற்குத் தயாராக இல்லை, அவ்வளவுதான் என்றேன். அவர் முகத்தில் தெளிவு வரவில்லை. இன்னொரு டீ சொல்லிவிட்டு, குதிரையின் உடம்புக்குள்ளிருந்து தொடங்கினேன்.

குதிரைக்கு உடம்பு பெரிது, இரைப்பை சிறிது. எட்டிலிருந்து பதினைந்து லிட்டர்தான் கொள்ளும். இரைப்பையின் வாய்த்தசை அத்தனை இறுக்கமானதால் வாந்தி எடுக்கவும் முடியாது. உள்ளே போனது பின்பக்கமாகத்தான் வெளியேற வேண்டும். அதனால்தான் அது கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க மேய்கிறது. விட்டுவிட்டால் பதினாறு மணி நேரம்கூட மேயும். மாட்டுக்கு முன்வயிற்றில் நடக்கும் வேலை குதிரைக்குப் பின்குடலில் நடக்கிறது. சிறுகுடல் முடியும் இடத்தில் முப்பது லிட்டர் பிடிக்கும் பை ஒன்று. நாங்கள் சீக்கம் என்போம். அதைத் தாண்டியதும் பெருங்குடல், மடிந்து மடிந்து வயிற்றை நிறைத்துக் கிடக்கும். அதில் ஒரு கொண்டைஊசி வளைவு. குழாயும் அங்கேதான் சட்டென்று குறுகுகிறது. காய்ந்த தீவனம் பெரும்பாலும் சிக்குவது அந்த வளைவில்.

"கல்லட்டி ரோடு மாதிரியா?" என்றார். அதேதான். லாரி நிற்கும் இடமும் வளைவுதானே.

இனி முக்கியமான விஷயம். பின்குடலில் புல்லைச் செரிப்பது குதிரை அல்ல, அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள். வைக்கோலுக்குப் பழகிய கூட்டம் வேறு, இளம்புல்லுக்குப் பழகிய கூட்டம் வேறு. தீவனம் மாறினால் அந்தக் கூட்டமும் மாற வேண்டும்; அதற்குப் பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். ஒரே நாளில் மாற்றினால் சர்க்கரையும் மாவும் செரிக்காமல் பின்குடலுக்கு இறங்கிப் புளிக்கும். அமிலம் ஏறும், வாயு சேரும். வாயு ஏறிய குடல் புரண்டு முறுக்கிக்கொண்டால் அறுவைச் சிகிச்சை தவிர வழியில்லை.

ஊட்டியின் வருடத்தை இதோடு பொருத்திப் பார்க்கச் சொன்னேன். இங்கே மேய்ச்சல் பெரும்பாலும் கிக்கியு புல்; கிழக்கு ஆப்பிரிக்க மலைகளிலிருந்து வந்து, மெத்தை மாதிரி பரவிவிட்டது. டிசம்பர், ஜனவரி உறைபனியில் கருகிப் பழுப்பாகிவிடும். குதிரை காய்ந்த தீவனத்துக்கு மாறும். பச்சைப் புல்லில் முக்கால் பங்கு தண்ணீர். காய்ந்த புல்லில் பத்துப் பதினைந்து சதவீதம்தான். அந்த நேரம் பார்த்துத் தொட்டித் தண்ணீரும் பல்லைக் கூச வைக்கும் குளிர்ச்சி, குதிரை சரியாகக் குடிக்காது. பனிக்காலத்து வயிற்றுவலி, அடைப்பு வலி. வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தால் பாதி தீர்ந்தது. பிறகு ஏப்ரலில் மழை இரண்டு அடி அடித்தால் ஒரே வாரத்தில் மேடெல்லாம் பச்சை. நாமும் சந்தோஷமாகக் கயிற்றை அவிழ்த்துவிடுகிறோம். அது வேறு வலி, வாயு வலி. இவருடைய குதிரைக்கு மூன்று முறையும் வந்தது இதுதான்.

"அப்ப கட்டியே போட்டுடட்டுமா?" அது இன்னும் மோசம். கட்டிக் கிடக்கும் குதிரை நடக்காது. நடக்காத குதிரையின் குடலும் நடக்காது. அவிழ்த்துவிட வேண்டும், ஆனால் கணக்காக. காலையில் முதலில் காய்ந்த புல் போட்டு வயிற்றைப் பாதி நிரப்பிவிடுங்கள். பசியோடு போனால் அள்ளி விழுங்கும். முதல் நாள் இருபது நிமிடம். பிறகு தினமும் கால் மணி, அரை மணி கூட்டுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் நாலைந்து மணி நேரத்துக்கு வந்துவிடலாம். நடுவில் இரண்டு நாள் கனமழையில் வெளியே விட முடியவில்லை என்றால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் கொஞ்சம் பின்னுக்குப் போய்த் தொடங்குங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை.

பனிப்புல் வயிற்றைக் கெடுக்கும் என்று பெரியவர்கள் சொல்வது பற்றியும் கேட்டார். பனித்துளியில் ஒன்றுமில்லை. குளிர்ந்த இரவில் வளர்ச்சி நின்று புல்லில் சர்க்கரை தங்கிவிடும் என்பது குளிர்நாட்டு ரை புல்லுக்கு நன்றாகவே பொருந்தும். வெப்பநாட்டு வகையான கிக்கியுவில் அந்த அளவுக்குச் சேராது. ஆனாலும் உறைபனி விழுந்த காலையில் வெயில் ஏறும்வரை பொறுப்பதில் நஷ்டமில்லை.

மேய்ச்சல் நிலத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லவில்லை. புல் நாலு விரல் உயரத்துக்குக் குறைந்தால் இடத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் வேரோடு மண்ணும் உள்ளே போகும். லத்தியை வாரம் இரண்டு முறை அள்ளுங்கள். குடற்புழுவின் முட்டை அதில்தான் இருக்கிறது. பின்னாலேயே மாடு மேய்ந்தால் நல்லது, குதிரைப் புழுக்களில் பெரும்பாலானவை மாட்டு வயிற்றில் பிழைக்காது. ஓட்டல் புல்தரையில் வெட்டிக் குவித்த புல்லை மட்டும் இனாமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். குவியலுக்குள்ளேயே அது புளிக்க ஆரம்பித்திருக்கும்.

கொள்ளைப் பற்றி அவரே ஆரம்பித்தார். குதிரை என்றால் கொள்ளு என்று நம் வாயில் ஊறிவிட்டது. கொடுக்கலாம், ஊறவைத்து, கொஞ்சமாக. ஆனால் பச்சைப் புல் தொடங்குகிற அதே வாரத்தில் கொள்ளையும் கூட்டக் கூடாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் போதும்.

வலி வந்துவிட்டால்? முன்காலால் தரையைக் கீறும், விலாவைத் திரும்பிப் பார்க்கும், படுத்துப் படுத்து எழும், லத்தி போடாது. தீவனத்தை எடுத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு நாற்பது வரை சாதாரணம். அறுபதைத் தாண்டினால் அதையும் போனிலேயே சொல்லிவிடுங்கள். மூங்கில் குழாயில் எண்ணெய் புகட்டுவது மட்டும் வேண்டாம். அது நுரையீரலுக்குள் போய், வயிற்றுவலியில் பிழைக்க வேண்டிய குதிரை நிமோனியாவில் செத்ததை நான் பார்த்திருக்கிறேன். எண்ணெய் கொடுக்க வேண்டுமென்றால் டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கொடுப்பார்.

டீ ஆறிப்போயிருந்தது. தொட்டபெட்டா பக்கம் மேகம் கருத்துக்கொண்டு வந்தது. அவர் எழுந்து நின்று அதைப் பார்த்தார்.

"இருபது நிமிஷம்னா, வாட்ச் பாத்தா டாக்டர்?"

"வாட்ச் பார்த்துத்தான்."