அழைப்பு வருமுன் வளாகத்தைப் பார்த்து வாருங்கள்



முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பம் அனுப்பியாயிற்று. இனி அழைப்பு வரும்வரை ஜெபித்துக் காத்திருப்பது மாத்திரமே நம்முடைய வேலை என்று அநேக குடும்பங்கள் எண்ணுகின்றன. ஜெபிக்க வேண்டியதுதான், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த இடைக்காலத்தில் நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் உண்டு. பிள்ளை இரண்டு ஆண்டுகளோ ஐந்து ஆண்டுகளோ வாழப்போகிற இடத்தை நேரில் சென்று பார்த்து வருவதே அது. வாக்குத்தத்தம் பெற்ற தேசத்துக்கே மோசே பன்னிரண்டு பேரை முன்னே அனுப்பினான். வெறுமனே பார்த்துவரச் சொல்லாமல், என்னென்ன விசாரிக்க வேண்டும் என்றும் சொல்லியே அனுப்பினான் என்பதை எண்ணாகமம் 13ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

நம் எல்லையிலுள்ள ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரிலிருந்து மேற்கே சென்று வாளையாரைத் தாண்டினால் அடுத்து வருவது கஞ்சிக்கோடு. பாலக்காடு ஐ.ஐ.டி. அங்கேதான் மலையடிவாரத்தில் அமைந்திருக்கிறது. 2015ஆம் ஆண்டு சென்னை ஐ.ஐ.டி.யின் வழிகாட்டுதலில், அகல்யா வளாகத்தில் தற்காலிகமாகத் தொடங்கிய நிறுவனம் இது. இன்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் இதற்கு விண்ணப்பிக்கிறார்கள்.

ஏன் முன்கூட்டியே செல்ல வேண்டும்?

ஐ.ஐ.டி.களின் எம்.டெக். படிப்புகள் பலவற்றுக்கு நேர்முகத் தேர்வு கிடையாது. கேட் மதிப்பெண்ணைக் கொண்டே இடம் தரப்படுகிறது. அந்த அழைப்புகள் கோப் என்னும் பொது இணையத்தளத்தின் வழியாகச் சுற்றுச் சுற்றாக வருகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் மாணவர் மூன்றில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இடத்தை ஏற்று உறுதிசெய்வது, அதை வைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பது, மறுத்துவிட்டுக் காத்திருப்பது. இதற்குக் கிடைப்பது சில நாட்களே. அந்த நாட்களில் ரயில் சீட்டு எடுத்து, போய்ப் பார்த்து, திரும்பி வந்து ஆலோசிக்க அவகாசம் இராது. உறுதிசெய்துவிட்டால் அடுத்த சுற்றுகளுக்கும் வழியில்லை.

ஆகவே கேட் முடிவு வெளியாகும் மார்ச் மாதத்துக்குப் பின், வகுப்புகள் முடியுமுன், ஏப்ரலுக்குள் சென்று வருவது நலம். கோடை விடுமுறையில் சென்றால் கட்டிடங்களைக் காணலாம்; பேசுவதற்கு மாணவர்கள் இருக்கமாட்டார்கள். பிஎச்.டி.க்கு நேர்முகத் தேர்வு நேரில் நடைபெறுமானால் அந்த நாளே பார்வையிடும் நாள். தேர்வு முடிந்தவுடன் ரயிலுக்கு ஓடாமல் அரை நாள் தங்கி விசாரித்து வாருங்கள்.

பயணத்தை ஒழுங்குபடுத்துதல்

முதலாவது, சம்பந்தப்பட்ட துறை அலுவலகத்துக்கு விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் எழுதி அனுமதி கேளுங்கள். அனுமதியின்றி வாயிலில் நின்று காவலரோடு வாதிடுவதில் பயனில்லை. அடையாள அட்டை கையில் இருக்கட்டும். சனி, ஞாயிறு நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். ஏப்ரல் நடுவில் வரும் விஷு விடுமுறையையும், கேரளத்தில் திடீரென அறிவிக்கப்படும் ஹர்த்தாலையும் விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.

வாளையார், கஞ்சிக்கோடு இரண்டும் சிறிய நிலையங்கள்; விரைவு ரயில்களில் பெரும்பாலானவை அங்கே நிற்பதில்லை. கோயம்புத்தூரில் இறங்கிப் பாலக்காட்டுப் பேருந்தில் ஏறலாம். அல்லது பயணிகள் ரயிலைப் பிடிக்கலாம். நெடுஞ்சாலையிலிருந்து வளாகம் உள்ளே தள்ளியிருப்பதால் ஆட்டோ செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பல இடங்களுக்கு விண்ணப்பித்திருந்தால் ஒரே பயணத்தில் முடிக்கலாம். ஒரு நாள் கஞ்சிக்கோட்டையும், அதே வழியில் வாளையாருக்கு இப்பால் இருக்கும் எட்டிமடை அமிர்தா வளாகத்தையும் பாருங்கள். மறுநாள் மருதமலைப் பக்கமுள்ள பாரதியார் பல்கலைக்கழகத்தையும் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தையும் பாருங்கள். காருண்யா சிறுவாணி மலைப்பக்கம் இருப்பதால் அதற்குத் தனியாக அரை நாள் வேண்டும். தங்குவதற்கு அங்குள்ள விசுவாசிகளின் வீட்டை நாடுவதானால், உங்கள் போதகர் மூலமாக முன்னதாகவே தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் போய் நின்று அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

யாரிடம் எதைக் கேட்பது?

அலுவலகத்தார் சொல்வதைவிட இரண்டாம் ஆண்டு மாணவர்கள் சொல்வது அதிகம் உதவும். பிள்ளை தன் கேள்விகளை முன்னரே எழுதி எடுத்துச் செல்லட்டும். ஆய்வுக்கூடம் எத்தனை மணி வரை திறந்திருக்கும்? ஒரு பேராசிரியரின் கீழ் எத்தனை மாணவர்கள்? கேட் மூலம் சேர்ந்தவர்களுக்குரிய மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை தவறாமல் வருகிறதா? வேலைவாய்ப்பைக் கேட்கும்போது, மிக உயர்ந்த சம்பளம் எவ்வளவு என்று கேளாமல், இந்தத் துறையில் கடந்த ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கேட்கவேண்டும்.

விடுதியைக் கண்ணால் பாருங்கள். பாலக்காடு உள்ளிட்ட ஐந்து புதிய ஐ.ஐ.டி.களை விரிவாக்க 2025 மே மாதம் மத்திய அமைச்சரவை 11,828.79 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. நான்கு ஆண்டுகளில் 6,500க்கும் மேற்பட்ட மாணவர்கள் கூடுதலாகச் சேர்க்கப்படுவார்கள். வளர்ந்துவரும் வளாகத்தில் கட்டிட வேலையும் இருக்கும். அறைப் பகிர்வும் மாறும். ஆகையால் தங்கும் அறையும் பயிலும் ஆய்வுக்கூடமும் எந்தக் கட்டிடத்தில் என்று துல்லியமாகக் கேளுங்கள். மகளை அனுப்புகிறவர்கள், இரவு ஆய்வுக்கூடத்திலிருந்து விடுதிக்குத் திரும்பும் வழியை நடந்தே பாருங்கள். பெண்களின் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு யாரிடம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மாணவர்களோடு பேசும்போது நீங்கள் சற்று விலகி அமருங்கள். தகப்பன் அருகில் நின்றால் அந்த மாணவர் உள்ளதைச் சொல்லத் தயங்குவார். உங்கள் பிள்ளையும் கேட்கத் தயங்கும்.

பணமும் சான்றிதழும்

நம் சபைகளில் அநேகர் பிழைப்பு தேடி ஊரைவிட்டு நகரத்துக்கு வந்தவர்கள். வட்டிக்கு வாங்கிய பணமே பல வீடுகளில் கல்லூரிக் கட்டணமாகிறது. முதலில் அழைக்கும் கல்லூரி, இன்றே பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று தொலைபேசியில் நெருக்கும்போது, பயந்து கட்டிவிடுகிறார்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பை அறிந்துகொள்ளுங்கள். அதற்கு உட்பட்ட பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் மாணவரின் அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும். தங்களிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாட்களோ அதற்கு மேலோ முன்பாக விலகினால், சிறு செயல்முறைக் கட்டணம் போக, முழுத் தொகையும் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பின் கடைசித் தேதிக்குள் விலகினால் 90 சதவீதம். அத்தேதிக்குப் பின் 15 நாட்களுக்குள் 80 சதவீதம். 30 நாட்களுக்குள் 50 சதவீதம். அதையும் தாண்டினால் ஒன்றுமில்லை. சில ஆண்டுகளில் குழு தனித் தேதிகளையும் அறிவித்திருக்கிறது. அவ்வாண்டுக்குரிய அறிவிப்பைப் பாருங்கள். நேரில் சென்றிருக்கும்போதே பணம் திரும்பப்பெறும் விதியை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கடன் தேவைப்படுவோர், 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தின் பட்டியலில் அந்த நிறுவனம் உள்ளதா என்று விசாரியுங்கள். அதில் பிணையமின்றிக் கடன் கிடைக்கும். ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களில் தகுதி பெறுவோருக்கு, 10 லட்சம் வரையிலான கடனில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு.

தொலைதூரம் செல்லும் பிள்ளைகளுக்கு

அமெரிக்காவில் பிஎச்.டி.க்குத் தேர்வானோரைப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் துறைகளே அழைத்து வளாகத்தைக் காட்டுவது வழக்கம். இந்தியாவிலிருந்து போக இயலாதவர்கள் காணொளிச் சந்திப்பு கேட்கலாம். அங்குள்ள பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்றுள்ள ஓர் உடன்பாட்டின்படி, நிதியுதவியுடன் வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் தரவேண்டும் என்று மாணவரைக் கட்டாயப்படுத்துவதில்லை. அந்நாள்வரை ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கு நேரம் உண்டு.

பயணச் செலவுக்கு வழியில்லாத குடும்பம் மனந்தளர வேண்டாம். துறை அலுவலகத்தில் கேட்டு, இப்போது பயிலும் இரு மாணவர்களோடு தொலைபேசியில் பேசினாலும் பாதி விவரம் தெரிந்துவிடும். சென்று வருகிறவர்களோ, அன்றிரவே கண்டவற்றைப் பிள்ளையின் கையால் ஒரு தாளில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். மூன்று வளாகங்களைப் பார்த்தால் மூன்று தாள்கள் இருக்கும். அழைப்பு வரும் நாளில் அந்தத் தாள்களை வீட்டார் யாவரும் கூடி வாசித்து, ஜெபித்து, பிள்ளையின் விருப்பத்தை முதலாவது கேட்டு, பின்பு பதில் அனுப்புங்கள்.