சுவடிக்கட்டும் ஹார்ட் டிஸ்க்கும்: ஒரு சின்னப் பட்டறைக்கான பேக்கப் குறிப்புகள்

பேக்கப் என்றால் "இன்னொரு பிரதி எடுத்து வைப்பது" என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைக்கிறோம். அது பாதிதான் சரி. பிரதி இருந்தும் ஒன்றும் மிஞ்சாமல் போன கதைகள் நிறைய உண்டு. எந்தப் பிரதி கைகொடுக்கும், எது கைவிடும் என்பதுதான் இந்தக் குறிப்பின் விஷயம்.

இதை எழுதக் காரணம் தஞ்சாவூரில் ஓவியப் பட்டறை வைத்திருக்கும் என் நண்பர். விண்டோஸ் மெதுவாக இருக்கிறது என்று கணினியை ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தார். திரும்பி வந்தபோது விண்டோஸ் புதுசாக இருந்தது, டி டிரைவும் புதுசாக இருந்தது! உள்ளே இருந்ததெல்லாம் போயிடுச்சு. தஞ்சாவூர் ஓவியத்துக்கு 2007-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் அதைச் செய்கிறவர்களில் பலருடைய தொழில் ஒரே ஒரு கணினியிலும் ஒரே ஒரு போனிலும்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

எது போனால் திரும்ப வராது?

பேக்கப் பற்றி யோசிக்கும்போது முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு ஜிபி?" என்பதல்ல. "எதைத் திரும்பச் செய்ய முடியாது?" என்பதுதான்.

சுவாமிமலை ஸ்தபதிகளைப் பாருங்கள். சிலையின் அளவுகளை ஓர் ஓலையை மடித்து மடித்தே எடுத்துவிடுவார்கள். அதை ஒடியோலை என்பார்கள். உயரம் தெரிந்தால் போதும், முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு என்பது தாளக் கணக்கில் வந்துவிடும். ஓலை தொலைந்தால் இன்னொன்று மடித்துக்கொள்ளலாம், விதி கையில் இருக்கிறதே. ஆனால் வார்ப்பு அப்படியில்லை. மெழுகு உருகிப் போய்விடும், மண் அச்சை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுக்க முடியும். விற்றுப்போன சிலைக்குப் பட்டறையில் மிஞ்சுவது எடுத்து வைத்த போட்டோ மட்டும்தான்.

கணினியிலும் இதே இரண்டு வகைதான். விண்டோஸ், டேலி, கோரல்டிரா எல்லாம் ஒடியோலை மாதிரி. திரும்ப நிறுவிக்கொள்ளலாம், அவற்றுக்கு பேக்கப் தேவையில்லை. திரும்ப வராதவை வேறு:

– கோட்டோவியங்களின் ஸ்கேன். (நண்பரின் அப்பா கையால் வரைந்தவை. மூலத்தாள்கள் பரணில் கரையானுக்குப் போய்விட்டன, ஸ்கேன்தான் மிச்சம்.)
– முடித்துக் கொடுத்த படங்களின் போட்டோக்கள்.
– ஆர்டர் விவரம், அளவு, முன்பணம், வாடிக்கையாளர் முகவரி.
– கணக்கு. ஜிஎஸ்டி பதிவு இருந்தால், ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியில் இருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

அழித்த கோப்பு எங்கே போகிறது?

பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில் ஒரு கோப்பை அழித்தால், அதன் பெயரும் இடமும் எழுதியிருக்கும் அட்டவணையில்தான் மாற்றம் நடக்கிறது. உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். அதன் மேல் வேறு ஏதாவது எழுதப்படும் வரை மீட்க வாய்ப்பு உண்டு. குயிக் ஃபார்மட்டும் ஏறக்குறைய இப்படித்தான். அதனால் முதல் விதி: தொலைந்தது தெரிந்த நிமிடமே கணினியை அணைத்துவிடுங்கள். மீட்கும் மென்பொருளை அதே டிஸ்க்கில் இறக்கி நிறுவுவது, தேடுகிற பொருள் மேலேயே மண்ணைக் கொட்டுவது மாதிரி.

நண்பரின் டிஸ்க்கைக் கழற்றி, வேறொரு கணினியில் மாட்டி, டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு இமேஜ் கோப்பாக எடுத்தேன். அதற்குப் பிறகு மூலத்தைத் தொடவில்லை, எல்லா வேலையும் அந்த இமேஜ் மேலேதான். ஃபோட்டோரெக் என்ற இன்னொரு இலவச மென்பொருள் கோப்பின் பெயரைத் தேடாது, உள்ளடக்கத்தின் தொடக்கத்தைத் தேடும். ஒவ்வொரு ஜேபெக் படமும் குறிப்பிட்ட சில பைட்டுகளில்தான் ஆரம்பிக்கும். அது கண்ணில் பட்டால் அங்கிருந்து அள்ளிக்கொள்ளும்.

போட்டோக்கள் பெரும்பாலும் வந்தன. ஆனால் பெயர் இல்லை, ஃபோல்டர் இல்லை. எது எந்த வருடம், யாருடைய ஆர்டர் என்று தெரியாத ஒரு குவியல். பெரிய ஸ்கேன் கோப்புகளில் பல திறக்கவே இல்லை. டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் கோப்பை இந்த முறையால் ஒட்டவைக்க முடியாது. டேலி கணக்கு இன்னும் மோசம். ஒன்றை ஒன்று சார்ந்த பல கோப்புகள் சேர்ந்ததுதான் அது. நாலு வந்து இரண்டு வராவிட்டால் வந்த நாலும் வீண்.

இரண்டு எச்சரிக்கைகள். எஸ்எஸ்டியில் டிரிம் என்ற வசதி இருக்கிறது. அழித்த இடத்தை டிரைவ் தானே சுத்தப்படுத்திவிடும், மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு. புதுக் கணினிகளில் பெரும்பாலும் எஸ்எஸ்டிதான் வருகிறது என்பதை நினைவில் வையுங்கள். அடுத்தது, டிஸ்க் "டிக் டிக்" என்று சத்தம் போட்டால் மென்பொருளால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, டேட்டா மீட்பதையே தொழிலாகச் செய்யும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். செலவு பட்டறைக்குக் கட்டுப்படியாகுமா என்பது வேறு கேள்வி.

மேற்கோளில் இருந்து மீட்பது

சங்க இலக்கியத்தில் பதிற்றுப்பத்துக்கு நடந்தது எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும். சேர மன்னர்கள் பத்துப் பேர் மேல் பத்துப் பத்துப் பாட்டு, மொத்தம் நூறு. கும்பகோணம் கல்லூரியில் பல வருடம் தமிழ் சொல்லிக் கொடுத்த உ.வே.சாமிநாதையர் 1904-இல் அதைப் பதிப்பித்தபோது எண்பதுதான் இருந்தது. முதல் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. அந்த இருபதில் சில பாடல்கள் மட்டும் எப்படியோ தப்பின. பழைய உரைகளும் தொகை நூல்களும் மேற்கோளாக எடுத்து வைத்திருந்தவை அவை.

நண்பருக்கும் இதே வழியைத்தான் சொன்னேன். உன் கோப்பை யார் யாருக்கு அனுப்பியிருக்கிறாய் என்று யோசி. ஆடிட்டரிடம் போன மார்ச் வரைக்குமான டேலி கணக்கு இருந்தது. ஜிஎஸ்டி தளத்தில் தாக்கல் செய்த ரிட்டர்ன்கள் இருந்தன. வாட்ஸப்பில் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பிய படங்கள் தேதியோடு இருந்தன. வாட்ஸப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும் என்பதால் அச்சுக்கு ஆகாது. ஆனால் பெயரில்லாத அந்தக் குவியலுக்குத் தேதி போட அவைதான் உதவின. அப்பாவின் கோட்டோவியங்களை மட்டும் யாருக்கும் அனுப்பியதில்லை. அதில் பாதிக்கு மேல் வரவில்லை.

பிரதி எல்லாம் பேக்கப் இல்லை

பதிற்றுப்பத்துக்குப் பிரதியே இல்லையா? இருந்தது. சாமிநாதையருக்குக் கிடைத்த சுவடிகள் ஒன்றுக்கு மேல். ஆனால் எல்லாவற்றிலும் அதே முதல் பத்து இல்லை, அதே பத்தாம் பத்து இல்லை. எனக்குத் தோன்றுவது இதுதான். சுவடிக்கட்டில் முதலில் அடிபடுவது மேல் ஏடுகளும் கீழ் ஏடுகளும். அப்படி அடிபட்ட ஏதோ ஒரு கட்டில் இருந்து எழுதப்பட்ட பிரதிகள்தான் நமக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். சேதமானதைப் பார்த்து எத்தனை பிரதி எழுதினாலும் சேதமும் சேர்ந்துதானே வரும்?

"அதான் கூகுள்ல தானா ஏறிடுதே, அப்புறம் எதுக்குடா டிஸ்க்கு?" என்று நண்பர் கேட்டதற்குப் பதில் இதில் இருக்கிறது. கூகுள் டிரைவ் மாதிரியான சேவைகள் செய்வது ஒத்திசைவு. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே கெட்டால் அங்கேயும் கெட்ட கோப்புதான் ஏறும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற பணம் பறிக்கும் நச்சுநிரல் 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டியது. அப்படி ஒன்று உங்கள் கணினியில் புகுந்தால், பூட்டப்பட்ட கோப்புகளை ஒத்திசைவு மிகுந்த பொறுப்போடு மேலே ஏற்றி வைக்கும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டி 30 நாள்தான் வைத்திருக்கும். தீபாவளிக்கு அழித்ததைப் பொங்கலுக்குத் தேடினால் கிடைக்காது.

ஆக, நல்ல பேக்கப்புக்கு அடையாளம் மூலத்தோடு ஒட்டாமல் இருப்பது. மூலத்துக்கு வரும் கேடு அதற்கு வரக்கூடாது.

3-2-1

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பிரபலமாக்கிய ஒரு சூத்திரம் இருக்கிறது. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில். கணினி விஞ்ஞானி சொன்னதல்ல, படங்களை வைத்துப் பிழைக்கும் ஒரு கைத்தொழில்காரர் சொன்னது.

வெளியூர் ஏன் என்று டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அப்படிப்பட்ட நேரத்தில் கிளவுடில் மட்டும் இருப்பது எட்டாது, ஓட்டுக்கூரைக்குக் கீழே மட்டும் இருப்பது நனையும். அதனால்தான் இரண்டும் வேண்டும்.

நண்பருக்குப் போட்டுக்கொடுத்த திட்டம் இதுதான்:

1. ஒரு டிபி வெளி டிஸ்க் இரண்டு. ஒன்று பட்டறையில், இன்னொன்று திருச்சியில் அவருடைய அக்கா வீட்டில். மாதம் ஒருமுறை போகும்போது மாற்றிக்கொள்வது.
2. சனிக்கிழமை சாயந்திரம் பட்டறை டிஸ்க்கை மாட்டி, தேதி போட்ட புது ஃபோல்டரில் நகல் எடுத்து, உடனே கழற்றிவிடுவது. மாட்டியே இருந்தால் நச்சுநிரலுக்கும் இடிக்கும் அதுவும் சேர்ந்து பலி.
3. டேலியில் தினமும் வேலை முடிந்ததும் அதற்குள்ளேயே இருக்கும் பேக்கப் வசதியால் எடுத்து பென் டிரைவில். அந்த வாரத்து ஆறு நாளும் தனித்தனி ஃபோல்டர். நேற்றையதன் மேல் இன்றையதை எழுதக்கூடாது.
4. கோட்டோவியம், கணக்கு இரண்டும் கிளவுடிலும்.

இடம் போதுமா என்று ஒரு கணக்கு. வாரம் 40 போட்டோ, ஒன்று 6 எம்பி என்றால் 240 எம்பி. வருடத்துக்குப் பன்னிரண்டரை ஜிபி. கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதிலேயே மெயிலும் அடக்கம். ஒரு வருடத்துக்கு மேல் தாங்காது. அதனால் போட்டோ டிஸ்க்கில், கோட்டோவியம் கிளவுடில் என்று பிரித்தோம். ஏ3 தாளை 300 டிபிஐயில் சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்தால் சுருக்காமல் 17 எம்பிதான். நூறு படம் இரண்டு ஜிபிக்குள் அடங்கிவிடும். இதையெல்லாம் விடப் பழைய வழியும் ஒன்று உண்டு: நல்ல தாளில் அச்செடுத்துப் பெட்டியில் வைப்பது. மென்பொருள் எதுவும் வேண்டாம், கண் போதும்.

திறந்து பார்த்தீர்களா?

பழைய ஏடுகளை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடும் வழக்கம் இருந்திருக்கிறது. புது ஏட்டில் எழுதி, சரிபார்த்து, அப்புறம் விட்டால் நஷ்டமில்லை. எழுதாமலே விட்டதும், எழுதியதைச் சரிபார்க்காமல் விட்டதும்தான் நஷ்டம். ஸ்கேன் எடுத்தாச்சே என்று தாளைக் கவனிக்காமல் விடுவதும், டிஸ்க்கில் போட்டாச்சே என்று போனில் அழிப்பதும் அதே கதைதான்.

பெரிய நிறுவனங்களும் இதில் தப்பவில்லை. 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முக்கியமான டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்புக்கு ஐந்து ஏற்பாடுகள் இருந்தன. தேவைப்பட்ட அன்று அவற்றில் ஒன்றுகூடச் சரியாக இல்லை. தினசரி பேக்கப் போய்ச் சேர வேண்டிய இடம் காலியாக இருந்தது. யாரோ தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. அவர்களே இதை வெளிப்படையாக எழுதினார்கள், அதனால்தான் நமக்குத் தெரிகிறது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பேக்கப் டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கோப்பைத் தொட்டுத் திறந்து பாருங்கள். டேலி பேக்கப்பை ஒரு காலி ஃபோல்டரில் ரெஸ்டோர் செய்து, கடைசி பில் எண் சரியா என்று பாருங்கள். திறந்து பார்த்த பிரதிக்குத்தான் பேக்கப் என்று பெயர். மற்றதெல்லாம் நம்பிக்கை.