சர்டிபிகேட்டை அமுக்கி வைக்க கல்லூரிக்கு அதிகாரம் இல்லை!

கட்டிய பணமும் திரும்பக் கிடைக்கும்

பிளஸ் 2 ரிசல்ட் வந்ததும் தனியார் கல்லூரி வாசலில் கூட்டம் அலைமோதும். "இன்னிக்கே பணம் கட்டலேன்னா சீட் போயிடும்" என்பார்கள். கடன் உடன் வாங்கிக் கட்டிவிடுவார் தகப்பனார். கையோடு மார்க் ஷீட், டி.சி. எல்லாம் ஒரிஜினலாகப் போய்விடும்.

இரண்டு வாரம் கழித்து பையனுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும். அங்கேதான் வில்லங்கம்!

"போறதுன்னா மீதி வருஷத்துப் பணத்தையும் கட்டிட்டு சர்டிபிகேட்டை வாங்கிக்குங்க" என்று கறாராகச் சொல்லும் கல்லூரிகள் உண்டு. அரசுக் கல்லூரியில் சேரக் கடைசி நாள் நெருங்கும். தகப்பனார் மறுபடி வட்டிக்கடைக்கு ஓடுவார்.

ஓட வேண்டியதில்லை. இப்படிக் கேட்பதே விதிப்படி தவறு.

2018 உத்தரவு

பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2018 அக்டோபரில் போட்ட உத்தரவு இது. ஒரிஜினலைப் பார்த்துவிட்டு அப்போதே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மாணவர் தாமே கையெழுத்திட்ட நகல் போதும். மார்க் ஷீட், டி.சி. எதையும் பிடித்து வைக்கக் கூடாது.

நடக்கும் செமஸ்டருக்கோ வருடத்துக்கோ மட்டும்தான் முன்பணம் வாங்கலாம். அப்படியிருக்க "மீதி வருஷத்துப் பணம்" எங்கிருந்து வந்தது?

பணம் எவ்வளவு வரும்?

சேர்க்கைக்கு என்று அறிவித்த கடைசித் தேதிதான் கணக்கு. அதற்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுப் பணமும் வரும். ஆபீஸ் செலவு என்று 5 சதவீதம் பிடிக்கலாம். அதுவும் 5 ஆயிரம் ரூபாயைத் தாண்டக் கூடாது. 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். தேதி தாண்டி 15 நாள் வரை 80 சதவீதம், 30 நாள் வரை 50 சதவீதம். அதற்கு அப்புறம் பைசா கிடையாது! டெபாசிட் பணம் மட்டும் முழுசாக வரும்.

யு.ஜி.சி. சில வருடங்களில் இதைவிடத் தாராளமாகத் தேதி கொடுத்ததும் உண்டு. 2024-25ல் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுப் பணமும் தரச் சொன்னது. அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. என்ஜினீயரிங் கல்லூரிகளுக்கு ஏ.ஐ.சி.டி.இ. தனி விதி வைத்திருக்கிறது. அங்கேயும் சர்டிபிகேட்டைப் பிடித்து வைக்கத் தடைதான்.

வாயால் சொல்லாதீர்கள்!

ஆபீஸ் கிளார்க்கிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தால் காரியம் நடக்காது. விலகல் கடிதத்தை எழுத்தில் கொடுங்கள். இன்னொரு நகலில் தேதி, சீல் போட்டு வாங்குங்கள். அந்தத் தேதியிலிருந்து 15 நாளில் பணம் வந்தாக வேண்டும். ரசீது இல்லாமல் கட்டிய பணத்துக்கு யாரும் பொறுப்பல்ல!

கல்லூரி அசையவில்லையா? 2023 விதிப்படி மாணவர் குறைதீர்க்கும் குழுவிடம் மனு போடலாம். குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் அப்பீல் போகலாம். ஓய்வு பெற்ற துணைவேந்தர், பேராசிரியர் அல்லது மாவட்ட நீதிபதி அந்த இடத்தில் இருப்பார்.

பொய்ப் புகார் கொடுத்தால் மாணவர் மீதே நடவடிக்கைக்கு அவர் சிபாரிசு செய்யலாம்.