சம்பள வரம்பும் காசு லாச்சியும்

மன்னாரில் உதைபந்தாட்டம் பற்றிப் பேச ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. பள்ளிமுனையிலோ எருக்கலம்பிட்டியிலோ அஸர் தொழுகைக்குப் பின் மைதானத்தை எட்டிப் பார்த்தால் போதும். கடையில் நிலுவைக் கணக்கைக் கேட்டால் வாய் திறக்காதவர்கள்கூட, எந்தக் கழகம் எந்த வீரரை எவ்வளவுக்கு எடுத்தது என்று கேட்டால் மணிக்கணக்கில் கணக்குச் சொல்வார்கள். அந்தப் பேச்சுக்குள் கிடக்கும் ஒரு வியாபாரக் கதையைத்தான் இந்த வாரம் எடுத்துக்கொள்கிறோம்.

கடலுக்கு அப்பால் நமக்கு அருகில் உள்ள பெரிய கழகம் சென்னையின் எஃப்.சி. இந்தியன் சுப்பர் லீக் போட்டியில் 2015 இலும் 2017-18 இலும் சம்பியனான அணி அது. அதன் தென்னிந்தியப் போட்டியாளர்களில் ஒன்று ஹைதராபாத் எஃப்.சி. நிதி நெருக்கடியால் மூடப்பட்ட புனே கழகத்தின் இடத்தில் 2019 இல் தொடங்கப்பட்டது. முதல் பருவத்தில் கடைசி இடம். இரண்டு வருடம் கழித்து, 2022 மார்ச் 20 ஆம் திகதி, கோவாவில் நடந்த இறுதிப் போட்டியில் கேரளா பிளாஸ்டர்ஸை பெனால்ட்டி உதைகளில் வென்று சம்பியன். மேலும் இரண்டு வருடம் கழித்து, மறுபடியும் கடைசி இடம். ஐந்து வருடத்துக்குள் இப்படி ஏறி இறங்கியது எப்படி?

முதலில் சம்பள வரம்பு என்றால் என்ன என்று பார்ப்போம். ஒரு கழகம் தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்து ஒரு பருவத்தில் இவ்வளவுக்கு மேல் சம்பளம் கொடுக்கக் கூடாது என்று லீக் நிர்வாகம் விதிக்கும் எல்லைதான் அது. இந்தியன் சுப்பர் லீக்கில் 2021-22 பருவத்தில் இந்த எல்லை 16.5 கோடி இந்திய ரூபா. பின்னர் 18 கோடியாக உயர்த்தப்பட்டது. பணக்கார முதலாளி ஒருவர் நல்ல வீரர்களை எல்லாம் மொத்தமாக வாங்கிவிட்டால் மற்ற அணிகள் பெயருக்குத்தான் ஆட வேண்டி வரும். பார்க்க ஆளும் வராது. அதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

16.5 கோடியை 25 வீரர்களுக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 66 இலட்சம் வரும். எந்தக் கழகமும் அப்படிப் பிரிப்பதில்லை. கோல் அடிக்கும் வெளிநாட்டு வீரருக்கு ஒரு பெரிய துண்டு போய்விடும். மிச்சத்தில்தான் மற்றவர்கள். அந்தப் பருவத்திலிருந்து ஒரு கழகம் ஆறு வெளிநாட்டவரைத்தான் வைத்திருக்கலாம், மைதானத்தில் ஒரே நேரத்தில் நால்வர்தான் நிற்கலாம் என்றும் விதி வந்தது. அப்படியானால் பதினொருவரில் ஏழு பேர் இந்தியர்கள். நல்ல இந்திய வீரர்கள் குறைவு, அவர்களுக்காகப் போட்டி போடும் கழகங்களோ பதினொன்று. விலை ஏறத்தானே செய்யும்?

ஹைதராபாத் இங்கேதான் புத்தியைக் காட்டியது. விலை ஏறிய இந்திய நட்சத்திரங்களின் பின்னால் ஓடவில்லை. 2020 இல் ஸ்பெய்னிலிருந்து மனோலோ மார்க்கேஸ் என்ற பயிற்றுநரைக் கொண்டு வந்து, பெரிதாகப் பெயர் எடுக்காத இளைஞர்களை அவரிடம் ஒப்படைத்தது. ஆகாஷ் மிஸ்ரா, ஆசிஷ் ராய், லிஸ்டன் கொலாசோ போன்றவர்கள் அப்படி வளர்ந்தவர்கள். அவர்களுக்குக் கொடுத்த சம்பளம் குறைவு, கிடைத்த ஆட்டமோ பெரிது. மிச்சம் பிடித்ததை அனுபவத்தில் போட்டார்கள். 2021 இல் நைஜீரியாவின் பர்த்தலோமியூ ஒக்பெச்சேயை எடுத்தபோது அவருக்கு 36 வயது. கிழவரை எதற்கு எடுத்தார்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் அந்தப் பருவத்தில் 18 கோல்களைப் பதிலாகக் கொடுத்தார்.

அதே பருவத்தில் அதே வரம்புக்குள் ஆடிய சென்னையின் எஃப்.சி. எட்டாம் இடத்தில் முடித்தது. எல்லோருக்கும் ஒரே அளவு பணம்தான் அனுமதி என்றால், வெல்வது கொள்முதல் அறிவுதான். சந்தையில் எல்லோரும் கேட்கும் சரக்கை எல்லோரும் கேட்கும் விலைக்கு வாங்கி இலாபம் பார்த்தவர் யார்?

விற்பதிலும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. கொலாசோ 2021 இலும் ராய் 2022 இலும் கொல்கத்தாவின் மோகன் பகானுக்குப் போனார்கள். மிஸ்ரா 2023 இல் மும்பைக்குப் போனார். குறைந்த விலைக்கு எடுத்து, பட்டை தீட்டி, நல்ல விலைக்குக் கைமாற்றுவது. பேருவளை மாணிக்கக்கல் வியாபாரிகளுக்கு இதை நாம் விளக்கத் தேவையில்லை.

இதுவரை எல்லாம் சரி. ஆனால் 16.5 கோடி என்பது செலவழிக்க அனுமதிக்கப்பட்ட தொகை. அந்தத் தொகை கழகத்தின் கையில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

நம் தொழிலில் இதற்குச் சரியான உவமை உண்டு. புறக்கோட்டையில் உள்ள மொத்த வியாபாரி உங்களை நம்பி, பத்து இலட்சம் ரூபா வரை கடனுக்குச் சரக்கு எடுக்கலாம் என்கிறார். அந்தப் பத்து இலட்சம் உங்கள் பணமா? இல்லை. அது அவர் உங்களுக்குப் போட்ட எல்லை. ஆனால் எத்தனை பேர் அந்த எல்லையைத் தம் முதல் என்று எண்ணிக்கொண்டு கடையை நிரப்புகிறார்கள்! காசோலைத் திகதி வரும்போதுதான் லாச்சியைத் திறந்து பார்க்கிறார்கள்.

ஹைதராபாத்துக்கும் திகதி வந்தது. 2022-23 பருவத்தில் இரண்டாம் இடம் பிடித்த அணி அது. வெளியில் பார்த்தால் ஓகோ என்றிருந்தது. உள்ளே சம்பளம் தாமதமாகிக்கொண்டிருந்தது. 2023 இல் மார்க்கேஸ் கோவா கழகத்துக்குப் போய்விட்டார். நிலுவை தொடர்பான முறைப்பாடுகள் ஃபிஃபா வரை போக, புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை வந்தது. கடனைக் கட்டாதவருக்குச் சந்தையில் சரக்குக் கிடையாது என்ற நம் ஊர் வழக்கம்தான் அது.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. வெளிநாட்டு வீரர்கள் கிளம்பினார்கள். 2024 ஜனவரியில், பருவத்தின் நடுவிலேயே, முகம்மது யாசிர் கோவாவுக்கும், சிங்லன்சனா சிங், நிகில் பூஜாரி ஆகியோர் பெங்களூருக்கும் போனார்கள். மிஞ்சிய இளைஞர்களை வைத்துக்கொண்டு உதவிப் பயிற்றுநராக இருந்த தங்போய் சிங்டோ அணியை இறக்கினார். 22 போட்டிகளில் ஒரே ஒரு வெற்றி, 8 புள்ளிகள், 12 அணிகளில் கடைசி இடம். அந்த ஒரே வெற்றியும் சென்னையின் எஃப்.சி.க்கு எதிராகக் கிடைத்தது என்பது சென்னை ஆதரவாளர்கள் கேட்க விரும்பாத செய்தி!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கொலாசோவையும் ராயையும் கழகம் தானாக விரும்பிய நேரத்தில், பேரம் பேசி விட்டது. 2024 ஜனவரியில் போனவர்கள் சம்பளம் வராததால் போனவர்கள். பேரம் பேசும் பலம் அப்போது கழகத்திடம் இல்லை. ஒரே சரக்கு, ஒரே கடை. ஆனால் அவசரத்தில் விற்பவனுக்குச் சந்தை என்ன விலை வைக்கும் என்பது தெரிந்ததுதானே.

சரி, வரம்பை வருமானத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டால் இந்தச் சிக்கல் வராதா என்று கேட்கலாம். ஸ்பெய்ன் நாட்டு லீக் அதைத்தான் செய்கிறது. அங்கே எல்லோருக்கும் ஒரே தொகை கிடையாது. கழகத்தின் எதிர்பார்க்கும் வருமானத்திலிருந்து ஏனைய செலவுகளையும் கடன் தவணையையும் கழித்து, மிஞ்சுவதைத்தான் அணிக்குச் செலவிடலாம். கூட வருமானம், கூட வரம்பு. வருமானம் விழுந்தால் வரம்பும் விழும். ஒரு வியாபாரி தனக்குத் தானே போட்டுக்கொள்ள வேண்டிய வரம்பு இந்த வகையானது என்பது என் அபிப்பிராயம்.

அந்த விதியில் மாட்டியது பார்சிலோனா. 2021 ஓகஸ்ட்டில் மெஸ்ஸி தங்கத் தயாராக இருந்தார், கழகமும் வைத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. ஆனால் அவரைச் சேர்த்தால் சம்பளச் செலவு வருமானத்தின் 110 சதவீதமாகும் என்று தலைவர் லபோர்த்தாவே சொன்னார். நூறு ரூபா வரும் கடையில் சம்பளம் மட்டும் நூற்றிப்பத்து! லீக் பதிவு செய்ய மறுத்தது. மெஸ்ஸி பாரிஸ் போனார். கழகத்தின் கடன் 135 கோடி யூரோ என்று அதே மாதம் அறிவிக்கப்பட்டது.

2022 இல் பார்சிலோனா வேறு வழி தேடியது. லீக் தொலைக்காட்சி உரிமையிலிருந்து தனக்கு வரும் வருமானத்தில் 25 சதவீதத்தை, 25 வருடங்களுக்கு, சிக்ஸ்த் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு இரண்டு கட்டங்களாக விற்றது. கைக்கு வந்த பணத்தில் கணக்கு நிமிர்ந்தது. லெவன்டோவ்ஸ்கி, ரஃபீஞ்ஞா, கூண்டே வந்தார்கள். 2022-23 பருவத்தில் லீக் கிண்ணமும் வந்தது. ஆகவே திட்டம் தோற்றது என்று சொல்ல முடியாது. ஆனால் 2025 ஜனவரியில் டானி ஒல்மோவைப் பதிவு செய்ய முடியாமல் அதே கழகம் அரசாங்க விளையாட்டுத் துறையின் தற்காலிக அனுமதிக்குக் காத்து நின்றது. விற்ற பங்கு 2047 வரை வேறொருவருடையது.

இந்த விற்பனையை நம் கரையோர மக்களுக்கு விளக்குவது சுலபம். இயந்திரத்துக்கும் வலைக்கும் முதலாளியிடம் முற்பணம் வாங்கிய மீனவர், பிடித்த மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். முற்பணம் இல்லாவிட்டால் படகு கடலுக்குப் போகாது என்பதும் உண்மை. பேசாலையில் நல்ல விலை போகும் நாளிலும் அவருக்குப் பழைய விலைதான் என்பதும் உண்மை. முற்பணம் கொடுப்பவராகவும் வாங்குபவராகவும் நம் வாசகர்கள் இருக்கிறார்கள். இரண்டு பக்கமும் நின்றவர்களுக்கு பார்சிலோனாவின் கணக்கு புதிதாக இருக்காது.

கடைச் சொந்தக்காரர் ஒருவர் இந்த இரண்டு கழகங்களையும் வைத்துத் தன் கணக்கைப் பார்க்க விரும்பினால், கொப்பியில் மூன்று வரி போதும். எவ்வளவு வரை எடுக்க எனக்கு அனுமதி இருக்கிறது? இந்த மாதம் உண்மையில் எவ்வளவு கைக்கு வரும்? அடுத்த மாதம் வரவிருப்பதில் எவ்வளவை ஏற்கனவே வேறொருவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்? முதல் வரியை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். இரண்டாவதைச் சிலர் எழுதுவார்கள். மூன்றாவதை எழுதிய கொப்பியை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஹைதராபாத் கழகத்தை 2024 இல் பி.சி. ஜிந்தால் குழுமம் பொறுப்பேற்றது. 2025 ஒக்டோபரில் அணி டில்லிக்கு மாற்றப்பட்டு, ஸ்போர்ட்டிங் கிளப் டில்லி என்று பெயரும் மாறிவிட்டது. கிண்ணம் வென்ற மூன்றரை வருடத்தில் ஹைதராபாத் நகரத்துக்கு அந்த லீக்கில் அணி இல்லாமல் போனது.